தகப்பன் பக்கம்

டொக்டரின் அறையில் வந்தவர்களுக்கென்று இரண்டு கதிரைகள்தான் போட்டிருந்தார்கள். ஒன்றில் நிருசா இருந்தாள். மற்றதில் அவளுடைய தாய் குணமணி இருந்தாள். தகப்பன் தர்மசீலன் கதவோரம் நின்றுகொண்டார்.

"உள்ளுக்கு வாங்க ஐயா, இன்னொரு கதிரை எடுப்பிக்கிறன்" என்று டொக்டர் றுஷ்தா சொன்னாள். கிண்ணியாப் பிள்ளை. மரியாதை தெரிந்தவள்.

"பரவாயில்லை மகள். நிண்டு பழகின உடம்பு."

அது பொய்யில்லை. மீன் வாங்கி அனுப்புகிற வாடியில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே நின்றபடியே வேலை செய்து நரைத்தவர் அவர். ஆனால் அவர் நின்றதற்கு அது மட்டும் காரணமில்லை. மகளின் காரியம் பேசுகிற இடத்தில் கதவோரம் நிற்பதுதான் அவருக்கு வழக்கம்.

நிருசாவுக்கு முப்பத்துமூன்று வயது. அன்புவழிபுரத்தில் இவர்களுடைய வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். உடம்பு வைத்துவிட்டதால் மேல்மாடி வகுப்புக்கு ஏற ஏலாதென்று அதிபர் அவளுக்குக் கீழே ஓர் அறை ஒதுக்கிக் கொடுத்துவிட்டார். அதைக்கூட அவள் சிரித்துக்கொண்டு தாங்கினாள். தாங்க ஏலாதது நித்திரை. படுத்தால் மூச்சு நின்று நின்று வரும். ஒரு மூச்சுப் போய் மற்ற மூச்சு வருமட்டும் தாயும் தகப்பனும் அடுத்த அறையில் காது கொடுத்துக் கிடப்பார்கள். இப்படியே விட்டால் ஒருநாள் அந்த மற்ற மூச்சு வராமல் போகும் என்று இருதய டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதற்குத்தான் இந்த ஒப்பரேஷன். இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கிற ஒப்பரேஷன். அதைச் செய்வது கொழும்பில். அதற்கு முன் பார்க்கவேண்டியதையும் கேட்கவேண்டியதையும் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் உள்ள இந்தச் சின்னக் கிளினிக்கில் றுஷ்தா பார்த்து, கேட்டு, கொழும்புக்கு அனுப்புவாள்.

"அம்மா, உங்கட குடும்பத்தில ஆராருக்கு என்னென்ன வருத்தம் இருந்திச்சு, ஆர் எதால மௌத்தானாங்க? எல்லாத்தையும் மறைக்காமச் சொல்லணும்."

குணமணிக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்குமா? நிமிர்ந்து உட்கார்ந்தாள். தன் தாயின் கால் சீனி வருத்தத்தில் போன கதை, தாய்மாமன் வேலாப்போடி வைக்கோற்போர் மாதிரி இருந்து, வெருகல் கோயில் தேர்வடத்தைப் பிடித்த கையோடு விழுந்த கதை, சின்னம்மாவின் இழுப்பு, அந்தச் சின்னம்மாவின் மகளுக்குத் தொண்டையில் வந்த கழலை என்று வெருகலில் இருந்து தொடங்கி ஒன்றும் விடாமல் சொன்னாள்.

றுஷ்தா தட்டச்சை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "ஆறுதலாச் சொல்லுங்கம்மா. என்ட கை உங்கட வாயை எட்டிப் பிடிக்குதில்ல."

"அம்மாவை நிப்பாட்ட ஏலாது டொக்டர்" என்றாள் நிருசா. "செத்தவீட்டுக்குப் போனாலும் இருக்கிறவையின்ர வருத்தத்தை விசாரிச்சுக்கொண்டுதான் வருவா."

"நீ சும்மா இரு. டொக்டர் பிள்ளை கேக்குது, சொல்லுறன்."

பிறகு றுஷ்தா வேறொரு கேள்வி கேட்டாள். மயக்க மருந்து கொடுத்து ஒப்பரேஷன் செய்யும்போது குடும்பத்தில் யாருக்கும் ஏதும் நடந்ததா? உடம்பு காய்ச்சலாகக் கொதித்து, வாய் பூட்டிக்கொண்டு, இல்லாவிட்டால் கண் விழிக்காமலே போய், அப்படி ஏதும்?

கதவோரம் நின்ற தர்மசீலனின் கை கதவுச் சட்டத்தைப் பிடித்தது.

"எங்கட ஆக்களில ஒருத்தருக்கும் இல்லை" என்றாள் குணமணி. நிச்சயமாகத்தான் சொன்னாள்.

"வாப்பா பக்கம்?"

"அவையளோ? அவையள் ஈர்க்கில் மாதிரி ஆக்கள் மகள். சீனி இல்லை, பிறசர் இல்லை. இந்தா நிக்கிறாரே, பாருங்கோ. கட்டின நாளையில இருந்து ஒரு பனடோல் போட்டு நான் கண்டதில்லை."

மூன்று பெண்களும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். றுஷ்தா, "அப்பிடியா ஐயா?" என்று கேட்டாள். தர்மசீலன் வாயைத் திறந்தார். அதற்குள், "ஐஸுக்குள்ள நிண்டு நிண்டு அவருக்கு வருத்தமும் விறைச்சுப் போச்சு" என்று குணமணி சொல்ல, நிருசா சிரிக்க, றுஷ்தாவும் சிரித்துவிட்டாள். திறந்த வாயை அவர் மூடிக்கொண்டார்.

குணமணியை இதில் குற்றம் சொல்லக்கூடாது. வெருகல் பக்கத்து ஆக்களுக்குக் குடி, வம்சம் என்பது தாய்வழி. பிள்ளை தாயின் குடி. வீடு மகளுக்கு. கட்டுகிறவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்கு வருவான். எந்தச் சாவுக்கு வீட்டில் தீட்டு, துடக்குக் காக்கிறார்களோ அந்தச் சாவுதான் தங்கள் சாவு. புருசனின் ஆக்கள் நல்லது கெட்டதுக்கு வந்துபோகிற ஆக்கள். கொண்டாடலாம், கோபிக்கலாம், ஆனால் பிள்ளையின் இரத்தத்தோடு அவர்களைச் சேர்த்துப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அதோடு அவள் மனதில் வருத்தம் என்றால் கொழுப்பு. உடம்பு வைத்த ஆக்களைப் பற்றித்தான் டொக்டர் கேட்கிறாள் என்று நினைத்தாள். ஈர்க்கில் ஆக்களிடம் என்ன இருக்கப்போகிறது?

தர்மசீலனுக்கு ஒரு தங்கை இருந்தாள். அன்னலட்சுமி என்று பெயர்.

ஓட்டோ ஓர்ஸ் ஹில்லை விட்டு இறங்கும்போது நிருசா நல்ல சந்தோசத்தில் இருந்தாள். உட்துறைமுகத்தில் ஒரு பெரிய கப்பல் நின்றது. "உடம்பு குறைஞ்சாப் பிறகு கோணேசர் கோயில் ஏத்தத்தை ஓரிடத்திலயும் நிக்காமல் ஏறப்போறன் அப்பா. நீங்களும் வரவேணும். முதல் ஆர் ஏறுறது எண்டு பாப்பம்" என்றாள்.

"ஏறலாம்" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து குணமணி சொதி வைத்துக்கொண்டிருந்தபோது அவர் குசினி வாசலில் போய் நின்றார்.

"இஞ்சை பார், குணம். அன்னலட்சுமிக்கும் மயக்கம் குடுத்துத்தானே வெட்டினவை."

குணமணியின் கையில் அகப்பை நின்றது. "இப்ப ஏன் அந்தப் பேரை எடுக்கிறியள்? பிள்ளை நல்ல காரியத்துக்குப் போகப்போகுது."

"டொக்டர் பிள்ளை கேட்டவ."

"கேட்டது வருத்தத்தை. அது பிள்ளைப்பெறு. பிள்ளைப்பெறு வருத்தமோ? எத்தினை பேர் அப்பிடிப் போயிருக்கினம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அதோட அது உங்கட குடியில நடந்தது. பிள்ளை எங்கட குடி. அந்தச் சாவின்ர துடக்கே பிள்ளைக்கு இல்லை. இதுகளைச் சொல்லி அந்தப் பிள்ளையின்ர ஒப்பரேஷன் திகதியைக் குழப்பாதையுங்கோ. அவள் இண்டைக்குத்தான் சிரிச்சவள்."

"ஆர் அம்மா அன்னலட்சுமி?" நிருசா பின்னால் வந்து நின்றது இருவருக்கும் தெரியவில்லை.

"ஒருத்தருமில்லை. உடுப்பை மாத்து போ."

முப்பத்துமூன்று வருசமாக அந்த வீட்டில் எடுக்காத பெயர் அது. பிள்ளை பெறப்போய்ச் செத்தவளின் பெயரைக் குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டில் எடுப்பதில்லை என்று குணமணியின் தாய் சொல்லி வைத்தது. தர்மசீலன் அதை எதிர்த்துக் கதைத்ததில்லை. உண்மையில் அந்தக் கட்டளை அவருக்கு ஒரு மறைப்பாகவும் இருந்தது. பெயரை எடுக்காவிட்டால் மற்றதையும் எடுக்கத் தேவையில்லை அல்லவா? அந்த மற்றது என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. மனைவிக்கும் தெரியாது.

அடுத்தநாள் வாடியில் அவருக்கு வேலை ஓடவில்லை. வாடி முதலாளி முனாப் மூதூர்க்காரன், அவருடைய வயதுதான். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

"முனாப்" என்றார் தர்மசீலன். "உன்ர உம்மா மௌத்தானபோது ஆர் கழுவினது?"

"என்ட பொஞ்சாதியும் ராத்தாவும். ஏன்?"

"உடம்பு எப்பிடி இருந்தது எண்டு சொன்னவையோ?"

முனாப் அவரை மேலும் கீழும் பார்த்தான். "ஒரு மனிசன் விடிய வெள்ளாப்பில கேக்கிற கேள்வியா இது? மௌத்தான உடம்பு குளிர்ந்துதான் இருக்கும். வேற எப்பிடி இருக்கும்?"

தர்மசீலன் ஐஸை அள்ளினார். அள்ளி நிலத்தில் கொட்டினார். சூரை மீன்கள் வெறும் பெட்டியில் கிடந்தன.

"டேய் தர்மு" என்றான் முனாப், மெதுவாக. "ஐஸ் நிலத்துக்கு, மீன் வெயிலுக்கு. இப்பிடிப் போனா நான் கருவாட்டுக் கடைதான் போடணும். கையைக் கழுவிட்டு எங்க போகணுமோ அங்க போ. போயிட்டு வா."

அவர் கையைக் கழுவினார். பஸ் ஏறினார். ஓர்ஸ் ஹில்லில் இறங்கி ஏற்றத்தில் நடந்தார். கிளினிக் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் சட்டையை முகர்ந்து பார்த்தார். மீன் மணம். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நின்றார். அதற்குள் றுஷ்தா கண்டுவிட்டாள்.

"நிருசாட வாப்பா தானே? வாங்க, இருங்க."

இந்தமுறை கதிரையில் இருந்தார்.

"மகள், நேத்து நீங்கள் ஒண்டு கேட்டனீங்கள். எனக்கு ஒரு தங்கச்சி இருந்தது."

சொல்லத் தொடங்கியதும் அது அவர் நினைத்ததைவிட லேசாக வந்தது, பிறகு நினைத்ததைவிடக் கடினமாகப் போனது.

சண்டைக் காலம். அன்னலட்சுமிக்குத் தலைப்பிள்ளை. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வெட்டித்தான் எடுக்கவேணும் என்றார்கள். அவளுடைய புருசன் வேலைக்காக வெளியூர் போனவன், பாதை மூடினதால் வந்து சேர ஏலவில்லை. அண்ணன்தான் கூட்டிக்கொண்டு போனார். ஆசுப்பத்திரிக் கதவுக்குள்ளே போகும்போது அவள், "அண்ணே, வந்து சோறு தின்னவேணும், பசிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதிகநேரம் ஆகவில்லை. ஆக்கள் ஓடினார்கள். ஒரு தாதி ஐஸ் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு ஓடினதை அவர் கண்டார். எதற்கு ஐஸ் என்று அவருக்கு விளங்கவில்லை. பிறகு ஒருவர் வந்து, தாயும் பிள்ளையும் இல்லை என்றார். எப்படிப் போனது என்று சொல்ல அவருக்கும் தெரியவில்லை. கேட்க இவருக்கும் தெரியவில்லை.

உடலை உழவு மெசினின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மடி சுட்டது. வெயில் என்று நினைத்தார்.

"இருட்டுறதுக்குள்ள குழி வெட்டித் தாக்கவேணும். அந்த நாளையில பொழுது பட்டால் ஒருத்தரும் வெளிய நிக்க ஏலாது. குளிப்பாட்டக்கூட நேரமில்லை. வாய்க்கரிசி போட வந்தவை. வாய் திறக்கேல்லை மகள். பூட்டுப்போட்ட மாதிரி. அரிசி கன்னத்தால வழிஞ்சு விழுந்தது. பெண்டுகள், அவள் அரிசி வேண்டாம் எண்டிறாள், மனக்குறையோட போறாள் எண்டு சொல்லி அழுதவை. நான் என்ர பங்குக்கு அரிசி போட்டனான். என்ர விரல் அவளின்ர கன்னத்தில பட்டது."

அவர் நிறுத்தினார்.

"சுட்டது. காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்ட மாதிரிச் சுட்டது. செத்து எவ்வளவு நேரம். நிழலுக்குள்ள கிடத்தியிருந்தது. பக்கத்தில நிண்ட பெரியவரைப் பாத்தன். அவரும் தொட்டவர். வெயில் சூடு தம்பி, கெதியாத் தூக்குங்கோ எண்டார். தூக்கினம். நான்தான் முதல் மண் போட்டது."

மேசையில் கிடந்த தன் கைகளை அவர் பார்த்தார்.

"நான் தங்கச்சியை உயிரோட தாட்டுப்போட்டன் மகள்."

கதை கேட்கிற நல்ல பிள்ளைகளே, முப்பத்துமூன்று வருசம் ஒரு மனிசன் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, சோறு தின்று, வேலைக்குப் போய், பிள்ளை வளர்த்திருக்கிறார். மழை பெய்கிற நேரங்களில் குளிரும் அவளுக்கு என்று நினைத்திருக்கிறார். வெருகலுக்குப் போனால் அவளைப் புதைத்த பக்கம் போகாமல் சுற்றிப் போயிருக்கிறார். அதை முதன்முதல் கேட்டவள் உறவுமுறை இல்லாத ஒரு கிண்ணியாப் பிள்ளை.

றுஷ்தா எழுந்து வந்து அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

"ஐயா, நான் சொல்றதை வடிவாக் கேளுங்க. சில ஆக்கள்ற தசைக்கு சில மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாது. பல ஆயிரத்தில ஒரு குடும்பத்திலதான் இருக்கும். மத்த நேரத்தில ஒண்டும் தெரியாது, மெலிஞ்ச ஆள், சுகமான ஆள். அந்த மருந்து உள்ள போனா மட்டும் தசையெல்லாம் இறுகும். தாடை பூட்டும். உடம்பு நெருப்பாக் கொதிக்கும். அதுக்குத்தான் அந்த நேர்ஸ் ஐஸ் தேடி ஓடியிருக்கா. அண்டைக்கு அவங்களிட்ட அதுக்குரிய மருந்து இருந்திருக்காது. மௌத்தான பிறகும் அந்தச் சூடு லேசில ஆறாது. உங்கட தங்கச்சி ஆசுப்பத்திரியிலயே மௌத்தாகிட்டாங்க ஐயா. நீங்க தாட்டது உயிர் போன உடம்பை, மையத்தைத்தான்."

அவர் நிமிர்ந்து அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

"நிச்சயமோ மகள்?"

அந்தப் பிள்ளை பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அல்லாவும் மன்னித்திருப்பான், முருகனும் மன்னித்திருப்பான். ஆனால் அவள் உண்மை பேசிப் பழகினவள்.

"நான் அங்க இருக்கல்ல ஐயா. நீங்க சொல்றதை வச்சுப் பார்த்தா அப்பிடித்தான் இருக்கணும். கிட்டத்தட்ட நிச்சயம்."

"கிட்டத்தட்ட" என்று அவர் திருப்பிச் சொன்னார்.

"இது தகப்பன்ட்ட இருந்தும் பிள்ளைக்கு வரும். உங்களுக்கு ஒருநாளும் ஒப்பரேஷன் செய்யல்ல, அதால உங்களுக்கே தெரியாது. நிருசாக்கு இருக்கெண்டு என்னால சொல்ல ஏலாது. இல்லெண்டும் சொல்ல ஏலாது. இருக்கலாம் எண்டு நினைச்சுத்தான் இனி எல்லாம் செய்யணும். அந்தத் திகதிக்கு அனுப்ப மாட்டன். வேற விதமா மயக்கம் குடுக்கலாம், அதுக்குரிய மருந்தைக் கையில வச்சிக்கொண்டு செய்யிற பெரிய இடத்துக்குத்தான் அனுப்பணும். நீங்க வராம விட்டிருந்தா..." அவள் முடிக்கவில்லை.

மகளுக்கு 'இருக்கலாம்' என்ற ஒரு சொல்லே போதும். அது அவளைக் காப்பாற்றப் போகிறது. தங்கைக்கு 'கிட்டத்தட்ட' போதாது. பஸ்ஸில் திரும்பி வரும்போது தர்மசீலன் இந்த இரண்டு சொல்லையும் மாறி மாறி நினைத்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் அவர் இருவரையும் கூப்பிட்டு இருத்தி எல்லாவற்றையும் சொன்னார். கன்னம் சுட்டதையும் சொன்னார். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல வழியில்லை.

நிருசாவுக்கு முதலில் வந்தது கோபம். "அப்ப என்ர திகதி போச்சுது."

"ஓம் பிள்ளை."

"பிறகு எப்ப?"

"தெரியாது. டொக்டர் பிள்ளை எழுதி அனுப்புறாவாம்."

"இவ்வளவு காலமும் ஏன் அப்பா சொல்லேல்லை? எனக்கு ஒரு மாமி இருந்தா எண்டுகூட எனக்குத் தெரியாதே."

"கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டன்" என்றார் அவர்.

குணமணி இவ்வளவு நேரமும் தலை குனிந்திருந்தாள். ஊரில் யாருக்கு என்ன வருத்தம் என்று கேட்டால் வாய் ஓயாதவள், சீலைத் தலைப்பைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள். பிறகு, "ஒருத்தருக்கும் இல்லை எண்டு நான்தானே சொன்னனான்" என்றாள். "அவ்வளவு துணிவாச் சொன்னனான். பெத்த பிள்ளையை நானே கொண்டு போய்..."

"உனக்குத் தெரியாது குணம்."

"தெரியாதுதான். தெரியவேணும் எண்டு நான் நினைக்கேல்லையே. கலியாணத்துக்கு அடுத்த கிழமை உங்கட தங்கச்சி வந்து என்ர தலைக்கு எண்ணெய் வச்சுச் சீவி இழுத்துவிட்டவ. என்ர தலைமயிர் அடர்த்தி எண்டு புகழ்ந்தவ. செத்தவீட்டுக்கு என்னை ஒருத்தரும் கூட்டிக்கொண்டு போகேல்லை."

"நீ இவளை வயித்தில வச்சிருந்தாய். எப்பிடிக் கூட்டிக்கொண்டு போறது?"

"அது சரி. அதுக்குப் பிறகாவது அங்க என்ன நடந்தது எண்டு உங்களை ஒரு சொல்லுக் கேட்டனானோ? நீங்கள் அண்டைக்கு வந்து கிணத்தடியில இருந்த இருப்பு இப்பவும் எனக்குத் தெரியுது. பிள்ளையைச் சுமக்கிறவள் அழக்கூடாது எண்டு அம்மா சொன்னா. நான் அங்கால திரும்பிப் படுத்திட்டன்."

நிருசா எழுந்து தகப்பனுக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். அவளுடைய பாரத்தில் வாங்குப் பலகை முனகியது.

புதுத் திகதி வரச் சுணங்கியது. அந்தக் காலம் பொல்லாத காலம். நிருசாவின் கால்கள் வீங்கின, பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டாள். மூச்சு நிற்கிற இடைவெளிகள் நீண்டன. அந்த இடைவெளியில் கிடந்து, சொல்லாமல் விட்டிருந்தால் இந்நேரம் ஒப்பரேஷன் முடிந்திருக்குமே என்று தர்மசீலன் நினைப்பார். சொல்லாமல் விட்டிருந்தால் இந்நேரம் என்ன முடிந்திருக்கும் என்றும் நினைப்பார். அப்போது எழும்பிப் போய் மகளின் அறை வாசலில் நிற்பார்.

கடைசியில் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். அங்கே, தகப்பன் நேரில் வந்து சொல்லவேணும் என்றார்கள். சொன்னார். மயக்க டொக்டருக்குச் சிங்களம்தான் தெரியும். ஒரு தமிழ்த் தாதி பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தாள். வாய்க்கரிசி என்ற இடத்தில் அவளுக்குச் சொல் வரவில்லை; கையால் காட்டினாள். அடுத்தநாள் இன்னொரு டொக்டர் வந்து முதலில் இருந்து கேட்டார். பிறகு படிக்கிற பிள்ளைகள் கூட்டமாக வந்து நின்றார்கள். இப்படியொரு குடும்பத்தைக் காண்பது அரிதாம். அவர்களுக்கும் சொன்னார். எவ்வளவு நேரம் சூடாக இருந்தது, கை விறைத்திருந்ததா, கழுத்து விறைத்திருந்ததா என்று அவர்கள் கேட்டார்கள். நல்ல பிள்ளைகள், மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவர் தங்கையை மடியில் வைத்துக்கொண்டு வந்து, அரிசி போட்டு, குழியில் இறக்கி, மண் போட்டார். முடிந்துபோகும். திரும்ப யாராவது வந்து, "ஐயா, இன்னொருக்காச் சொல்லுவீங்களா?" என்பார்கள்.

"களைப்பாயிருந்தால் விடுங்கோ அப்பா, நான் சொல்லுறன்" என்றாள் நிருசா.

"நீ காணேல்லை. கண்டவன்தான் சொல்லவேணும்."

ஒப்பரேஷன் நடந்தது. வேறு மருந்தில், எல்லாம் ஆயத்தமாக வைத்துக்கொண்டு செய்தார்கள். வெளியே குணமணி கந்தசஷ்டி சொல்லத் தொடங்கி இடையில் மறந்து, திரும்பத் தொடங்கினாள். தர்மசீலன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையை உயிரோடு வெளியே கொண்டுவந்தார்கள். நான் உங்களை வீணாகப் பயப்படுத்த மாட்டேன். அவள் கண் விழித்தாள், தண்ணீர் கேட்டாள், தரமாட்டோம் என்றதற்குத் தாதியோடு சண்டையும் பிடித்தாள்.

திருகோணமலைக்குத் திரும்பிய பிறகு கஞ்சித் தண்ணி, பிறகு கரைத்த சோறு, பிறகு பிள்ளைக்கு ஊட்டுகிறமாதிரிக் கொஞ்சம் கொஞ்சம். மாதத்துக்கு மாதம் உடம்பு இறங்கியது. மூச்சு ஒழுங்காக வந்தது. பழைய சட்டைகளைக் குணமணி இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். பிறகு தைத்துக் கட்டாதென்று விட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் மேல்மாடி வகுப்பைத் திரும்பக் கேட்டு வாங்கினாள் நிருசா. ஊரெல்லாம் அவளைக் கண்டு சந்தோசப்பட்டது. தர்மசீலனும் சந்தோசப்பட்டார். ஆனால் அவர் மகளின் முகத்தைப் பார்த்துக் கதைப்பது குறைந்துகொண்டு வந்ததைக் குணமணி கவனித்தாள். சாப்பாட்டைப் போட்டால் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். மகள் ஏதும் கேட்டால் யன்னலைப் பார்த்துப் பதில் சொல்லுவார்.

ஒரு சனிக்கிழமை வாடியிலிருந்து வந்தவர், கையில் மீன் பையோடு பின்வாசலுக்குப் போனார். நிருசா முழுகிவிட்டுப் படியில் இருந்து, தலைமயிரை ஒரு பக்கம் தோளால் விட்டுக் காயவைத்துக்கொண்டிருந்தாள். வெயில் அவளுடைய முகத்தின் ஒரு பாதியில் விழுந்தது. கன்னத்தின் எலும்பு தெரிந்தது. தாடை மெலிந்து கூராக இறங்கியது. கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் குழி விழுந்திருந்தது.

அவர் அப்படியே நின்றுவிட்டார்.

குசினி வாசலில் வந்த குணமணி மகளைப் பார்த்தாள், பிறகு புருசனைப் பார்த்தாள். "நான் அவவை இரண்டு மூண்டு தரம்தான் கண்டிருப்பன்" என்றாள் மெதுவாக. "எண்டாலும் தெரியுது."

நிருசா திரும்பினாள். தகப்பனின் முகத்தைக் கண்டதும் அவளுக்கும் விளங்கிவிட்டது. இவ்வளவு நாளும் அவர் ஏன் யன்னலைப் பார்த்துக் கதைத்தார் என்பதும் விளங்கியது.

"மாமி மாதிரியே இருக்கிறனோ?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"உங்களுக்குப் பாக்கக் கஷ்டமாயிருந்தால் நான் உள்ளுக்குப் போறன் அப்பா."

அவள் எழும்பப் போனாள். தர்மசீலன் பையை நிலத்தில் வைத்துவிட்டு வந்து, ஒரு படி கீழே, அவளுக்கு எதிரே இருந்தார். அன்றைக்கு, பொழுது படுகிறது, பொழுது படுகிறது என்று எல்லாரும் அவசரப்படுத்த, தங்கையின் முகத்தைச் சரியாகப் பார்க்கவும் விடாமல் மூடிவிட்டார்கள்.

"போகவேண்டாம்" என்றார். "இரு பிள்ளை. கொஞ்ச நேரம் அப்பிடியே இரு."